எவ்வளவு வெளிச்சம் என்று சொல்லாதே

ஏப்ரல் 3

அன்புள்ள என்று போட்டுத் தொடங்க மனசு வரவில்லை. அண்ணா என்றும் இந்தக் கடிதத்தில் ஓரிடத்திலும் எழுதப்போவதில்லை. இனிமேல் உங்களுக்கு ‘நீங்கள்’தான்.

நீங்கள் போன் அடித்துக்கொண்டே இருக்கிறீர்கள். எடுக்க மாட்டேன். உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு அழுகை வரும். அழுதால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிடுவேன். எழுதித்தான் கேட்பேன், நீங்களும் எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும். எழுத்தில் இருந்தால் நாளைக்கு யாரும் பல்டி அடிக்க முடியாது பாருங்கள்.

என் வீட்டுக்காரர் கம்பத்திலிருந்து விழுந்து இன்றோடு இருபது நாள். இடுப்பு எலும்பில் தகடு வைத்திருக்கிறார்கள். வலது உள்ளங்கை வெந்துபோயிருக்கிறது, இரண்டு விரல் மடங்கவில்லை. அன்று காலை சட்டைப் பட்டன் போட்டது வரைக்கும்தான் அவருக்கு ஞாபகம். அதற்கப்புறம் கண் விழித்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எங்கள் தெருக் கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற பீங்கான் உடைந்திருந்தது, அதை மாற்ற வேண்டும். லைன்மேன்கள் நீங்கள் இரண்டு பேரும் வந்தீர்கள். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் மூன்று ஃபியூஸையும் பிடுங்கியது நீங்கள். கம்பத்தில் ஏறியது அவர். பிடுங்கின ஃபியூஸை ஏறுகிறவர் பையில் போட்டு அனுப்புவதுதான் உங்கள் இருவருக்கும் வழக்கம். “ஃபியூஸ் மேல இருக்கிறவன் பையில இருந்தா, கீழ இருக்கிற எந்த மடையனாலயும் கரண்ட் விட முடியாது” என்று எத்தனை தடவை என் வீட்டில் உட்கார்ந்து பெருமையடித்திருப்பீர்கள்! அன்றைக்கு மட்டும் மூன்றும் உங்களிடமே இருந்தன. அன்றைக்குத்தான் அவர் விழுந்தார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்குச் சரியாக வருகிறது.

இஸ்திரிக் கடைக்காரர் அவசரப்படுத்தினார், நீங்கள் ஃபியூஸைப் போட்டுவிட்டீர்கள் என்று தெருவே பேசுகிறது. ஆபீஸில் நீங்கள் எழுதிக் கொடுத்ததை எனக்குப் படித்துக் காட்டினார்கள். ‘எர்த் சங்கிலி போடாதது என் தவறு’ என்று ஒரே வரி. சங்கிலியைப் பற்றி யார் கேட்டார்கள்? ஃபியூஸைப் பற்றி மூச்சு விடவில்லை. வேலையிலிருந்து நிறுத்தி வைத்ததும் வேறு ஊருக்குப் போய் மோட்டார்க் கடை மாடியில் உட்கார்ந்துகொண்டீர்கள். குற்றமில்லாதவன் ஓடுவானா?

மே இரண்டாம் தேதி விசாரணை அதிகாரி என்னைக் கூப்பிட்டிருக்கிறார். உங்களைப் பன்னிரண்டாம் தேதி. நான் பள்ளிக்கூடத்தில் பதினாறு வருஷமாக அறிவியல் நடத்துகிறவள், ஆதாரமில்லாமல் எதையும் சொல்லமாட்டேன். அதற்குள் உண்மையை எழுதி அனுப்புங்கள். ஃபியூஸைப் போட்டீர்களா, இல்லையா?

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் மனைவி


ஏப்ரல் 9

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன். ‘மாப்பிள்ளையின் மனைவி’ என்று கையெழுத்துப் போட்டிருந்ததைப் பார்த்து முதலில் சிரிப்புதான் வந்தது. கோபித்துக்கொள்ளாதே. சிரித்து முடித்தபிறகு சாப்பாடு இறங்கவில்லை.

ஃபியூஸை நான் போடவில்லை. நீ கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான்.

எனக்கு எழுத வராது என்று உனக்குத் தெரியும். என் லீவு லெட்டரையே நீதானே எழுதிக் கொடுப்பாய். வயிற்றுவலி என்று எழுதச் சொன்னால் ‘கடும் வயிற்றுவலி’ என்று எழுதுவாய். ஆபீஸில் எல்லாரும் என்னை இரக்கத்தோடு பார்ப்பார்கள்.

அன்றைக்கு மாப்பிள்ளை பையில் புதுப் பீங்கானும் கிளாம்பும் ஏற்கெனவே பிதுங்கிக்கொண்டிருந்தன. “நீங்களே வெச்சிருங்க மச்சான், பத்து நிமிஷ வேலைதானே” என்றார். நானும் தலையாட்டினேன். சங்கிலியும் ஆபீஸிலேயே கிடந்தது. திரும்பிப் போய் எடுத்து வர கால் மணி நேரம் ஆகும். சோம்பேறித்தனம், வேறென்ன? அந்தச் சங்கிலி எதற்கென்றால், எல்லாக் கம்பியையும் ஒன்றாகச் சேர்த்து மண்ணோடு கட்டிவிடும். எந்தப் பக்கமிருந்து கரண்ட் வந்தாலும் அது வழியாக மண்ணுக்குப் போய்விடும், மேலே இருக்கிற ஆள் பிழைத்துக்கொள்வான். அதைப் போட்டிருந்தால் உன் வீட்டுக்காரர் இந்நேரம் உன்னோடு உட்கார்ந்து வம்பளந்துகொண்டிருப்பார். அது என் தப்பு. அதில் யாருக்கும் பங்கு கிடையாது.

விரல் மடங்குவதற்கு மெத்தென்ற பந்து ஒன்றைக் கையில் வைத்து அழுத்திக்கொண்டே இருக்கச் சொல். முதலில் வலிக்கும். “வலிக்குதுன்னா உசுரு இருக்குன்னு அர்த்தம்” என்று நான் சொன்னதாகச் சொல். வேண்டாம், நான் சொன்னேன் என்று சொல்லாதே. சும்மா சொல்.

தெருவில் யாரிடமும் போய் விசாரித்துக்கொண்டிருக்காதே. ஆளுக்கொன்று சொல்வார்கள், உனக்குத்தான் தலைவலி. அப்புறம், அவர் வீட்டுக்கு வருகிறவரை உன் வீட்டு ஜெனரேட்டர் பக்கம் போகாதே. பழசு, ரொம்பப் புகைகிறது. டியூஷனுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஆகாது.

இங்கே எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றுகிற வேலை. நான் சுற்றின முதல் மோட்டார் தலைகீழாக ஓடியது. கடைக்காரர் பெரிய மனசுக்காரர். “பரவால்லய்யா, பின்னாடியே போறவன் எவனாவது வந்தா வித்துடலாம்” என்றார்.

அண்ணன்


ஏப்ரல் 14

உங்களுக்கு,

யாரிடமும் விசாரிக்காதே என்று எழுதினீர்கள். அதனாலேயே விசாரித்தேன்.

எங்கள் வீட்டுக்கு வருகிற அதே கம்பியில் இன்னும் பத்து வீடு, கடை இருக்கின்றன. நோட்டும் பேனாவுமாக ஒவ்வொரு வாசலிலும் போய் நின்றேன். இஸ்திரிக் கடைக்காரர் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யாத குறை. “கரண்ட் வந்துச்சும்மா. இந்தக் குண்டு பல்பு எரிஞ்சுது. நான் பொட்டியை எடுக்கப் போறதுக்குள்ள போயிடுச்சு. அப்புறம்தான் வெளியில ஐயோன்னு சத்தம்.” தையல்கார அக்கா சொன்னாள், “ஃபேன் அரை சுத்து சுத்திட்டு நின்னுடுச்சு. கரண்ட்டுக்கே களைப்பு வந்துடுச்சான்னு நெனச்சேன்.” ரிட்டையர்டு கம்பவுண்டர் வீட்டில் ஃப்ரிட்ஜ் ஒரு உறுமல் உறுமி அடங்கியதாம். மொத்தம் ஏழு வீட்டில் கரண்ட் வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள், காதால் கேட்டிருக்கிறார்கள்.

ஃபியூஸ் உங்களிடம். நீங்களோ போடவில்லை. அப்படியானால் கரண்ட் எங்கிருந்து வந்தது, ஆகாயத்திலிருந்து குதித்ததா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறீர்கள். மே இரண்டாம் தேதி இந்த நோட்டை அதிகாரி மேஜையில் வைக்கப்போகிறேன். உங்கள் வேலை போகும். போலீஸ் கேஸும் வரலாம் என்கிறார்கள். சொல்லவில்லை என்று பின்னால் குறைப்படாதீர்கள்.

நேற்று அவர் கேட்டார், “மச்சான் ஏன் ஒரு தடவைகூட என்னைப் பாக்க வரல? அவருக்கு ஏதாவது ஆயிடுச்சா?” வெளியூரில் வேலை என்று பொய் சொன்னேன். பந்தைக் கொடுத்தேன். அழுத்துகிறார். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துகிறார். பார்க்க முடியவில்லை.

இன்னொன்று. இந்த வருஷம் பரீட்சை மே கடைசிக்குத் தள்ளிப்போயிருக்கிறது, அதற்குள் பாடத்தை முடிக்க வேண்டுமே என்று டியூஷனை மறுபடி ஆரம்பித்தேன். கரண்ட் போனால் பதினாறு பிள்ளைகளும் வியர்வையில் குளிக்கிறார்கள். ஜெனரேட்டரைப் போடலாம் என்றால் ஒயரைக் காணோம். இரண்டு முனையிலும் பிளக் வைத்து அவரே செய்து கொடுத்தது. ஒரு முனையை ஜெனரேட்டரில் செருகி, மறுமுனையைச் சுவர் பிளக்கில் செருகினால் வீடு முழுக்கக் கரண்ட் வரும். “லைன்மேன் வீட்லயே இந்தக் கூத்தா?” என்று அவரைத் திட்டினீர்களே, அதே ஒயர். அவர் சிரித்துக்கொண்டே மீட்டர் பெட்டிமேல் ‘முதலில் மெயினை இறக்கு, பிறகுதான் ஒயர்’ என்று சாக்பீஸால் எழுதிவைத்தார். விபத்தன்று எங்களை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு வீட்டைப் பூட்டி வந்தது நீங்கள்தான். அதையும் விட்டுவைக்கவில்லையா?


ஏப்ரல் 18

அன்புள்ள தங்கைக்கு,

சரி. நீ கேட்டு எழுதி வைத்ததை விசாரணையில் சொல். கரண்ட் வந்தது, பல்பு எரிந்தது. அவ்வளவு போதும். எவ்வளவு வெளிச்சம், ஃபேன் எத்தனை சுற்று என்றெல்லாம் இழுக்காதே. சுருக்கமாகச் சொன்னால்தான் எடுபடும். பன்னிரண்டாம் தேதி நான் எதையும் மறுத்துப் பேசமாட்டேன்.

ஒயரை நான்தான் எடுத்து வந்தேன். நைந்துபோயிருந்தது. புதிதாக வாங்கித் தருகிறேன். இல்லை, வாங்கவே வேண்டாம். இன்னும் இரண்டு மாதம் விசிறி வைத்துச் சமாளி.

மாப்பிள்ளைக்கு என்னைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்ல வேண்டாம், கெட்டதாகவும் சொல்ல வேண்டாம். உடம்பு தேறட்டும்.

இப்போதெல்லாம் என் மோட்டார்கள் நேராகத்தான் ஓடுகின்றன.

அண்ணன்


ஏப்ரல் 24

அண்ணா,

எவ்வளவு வெளிச்சம் என்று சொல்லாதே என்று ஏன் எழுதினாய்?

இரண்டு நாள் அந்த வரியை வைத்துக்கொண்டு உன்னைத் திட்டினேன். மாட்டிக்கொண்டவன் வக்கீல் மாதிரிப் பேசுகிறான் என்று அவரிடம்கூடச் சொல்லப் போனேன். அவர் இருபதாம் தேதி வீட்டுக்கு வந்துவிட்டார். கைத்தடியோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பந்தை அழுத்திக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். நல்லவேளை.

மூன்றாம் நாள் எட்டாம் வகுப்பில் ஆற்றலும் திறனும் பாடம். வருஷா வருஷம் சொல்வதையே சொன்னேன். “ரெண்டு பேரு ஒரே மாதிரி தொட்டியை நிரப்புறாங்க. ஒருத்தர் ஒரு மணி நேரத்துல, இன்னொருத்தர் பத்து நிமிஷத்துல. தூக்கின தண்ணி ஒண்ணுதான். அதுக்குச் செலவான ஆற்றலும் ஒண்ணுதான். ஆனா சீக்கிரம் முடிச்சாரு பாருங்க, அவருக்குத் திறன் அதிகம். ஒரு நொடிக்கு எவ்வளவு ஆற்றல்ங்கிறதுதான் திறன். பல்புமேல எழுதியிருக்கிற வாட் அதுதான். ஒவ்வொரு நொடியும் எனக்கு இவ்வளவு வேணும்னு பல்பு கேக்குது.”

பிறகு வழக்கமான சோதனை. பழைய பாட்டரி செல் ஒன்று. அதில் ஒரு சின்ன பல்பை மாட்டினேன், பளிச்சென்று எரிந்தது. பக்கத்தில் இரண்டாவது, மூன்றாவது. ஐந்தாவதை மாட்டியபோது எல்லாமே சிவந்து மங்கிவிட்டன. “ஏன்?” என்று கேட்டேன். முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி, “கேக்குறவங்க அஞ்சு பேரு, குடுக்குறது ஒரு சின்ன செல்லு. பாவம், அதால முடியல டீச்சர்” என்றாள்.

கையில் ஒயரோடு அப்படியே நின்றுவிட்டேன். பிள்ளைகள் என்ன டீச்சர் என்ன டீச்சர் என்கிறார்கள். மணி அடித்ததும் இஸ்திரிக் கடைக்கு ஓடினேன். “அண்ணே, அன்னிக்குப் பல்பு எரிஞ்சுதுன்னீங்களே, எவ்வளவு வெளிச்சம்?”

“எங்கம்மா வெளிச்சம்? கங்கு மாதிரி செவந்துச்சு. அவ்ளோதான். அந்த வெளிச்சத்துல சட்டை எது வேட்டி எதுன்னுகூடத் தெரியாது.”

கடை வாசலிலேயே உட்கார்ந்து, அந்த ஏழு வீட்டிலும் சொன்னதை மறுபடி கூட்டிப் பார்த்தேன் அண்ணா.

தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் லட்சம் வாட் வரை கொடுக்கும். நீ ஃபியூஸைப் போட்டிருந்தால் அந்தப் பல்பு முழுசாக எரிந்திருக்கும், ஃபேன் நிற்காமல் ஓடியிருக்கும். லட்சம் வாட் கொடுக்கிறது பதினோரு வீட்டுக்கு மூச்சு வாங்காது. மூச்சு வாங்கியது வேறு ஏதோ சின்னது. ஃப்ரிட்ஜ், ஃபேன், இஸ்திரிப் பெட்டி எல்லாம் சேர்த்து ஐந்தாயிரம் வாட் கேட்டிருக்கும். ஆயிரம் வாட் மட்டுமே கொடுக்கக் கூடியது ஒன்று திணறியிருக்கிறது. எங்கள் தெருவில் ஆயிரம் வாட் ஜெனரேட்டர் ஒரே வீட்டில்தான் இருக்கிறது.

அன்று பதினாறு பிள்ளைகள் மாடியில். மெயினை இறக்கிவிட்டுத்தான் ஜெனரேட்டரைப் போட்டேன். சத்தியமாக இறக்கினேன். மெயினை இறக்கிவிட்டால் தெருவில் கரண்ட் திரும்பி வந்ததா என்று நமக்குத் தெரியாது. எப்போதும் எதிர்வீட்டு வாசல் விளக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். அன்றைக்கு எதிர்வீடு பூட்டியிருந்தது. வந்துவிட்டதா என்று பார்க்கத்தான், ஜெனரேட்டரை நிறுத்தாமலேயே மெயினைத் தூக்கினேன். ஜெனரேட்டரின் சத்தம் கம்மியது, ஒரு தும்மல் தும்மியது, நின்றுவிட்டது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். அண்ணா, நான் பெட்ரோல் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் தெருவில் சத்தம்.

நீங்கள் இரண்டு பேரும் டிரான்ஸ்ஃபார்மரை நிறுத்தியாயிற்று, இனிக் கம்பியில் ஒன்றும் இல்லை என்று இருந்துவிட்டேன். கரண்ட் வெளியிலிருந்து வீட்டுக்குள் வருவது என்றே பழகிவிட்டது. கம்பிக்கு உள்ளே வெளியே தெரியுமா? கொடுக்கிற பக்கத்திலிருந்து கேட்கிற பக்கம் போகும். அவ்வளவுதானே. இதைத்தான் பதினாறு வருஷமாகக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கணக்கும் போட்டேன். போடாமல் இருக்க முடியவில்லை. ஆயிரம் வாட், மூன்று நொடி. மூவாயிரம் ஜூல். ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தால் நாலு டிகிரிகூடச் சூடேறாது. அதிலும் அவர் உடம்பு வழியாகப் போனது துளியிலும் துளி. அது போதுமாக இருந்திருக்கிறது.

நீ வீட்டைப் பூட்ட வந்தபோது மெயின் தூக்கியிருந்ததைப் பார்த்திருப்பாய். ஒயர் சுவரில் இருந்ததையும் பார்த்திருப்பாய். எல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு என் கடிதங்களை வாங்கிப் படித்தாயா? ‘குற்றமில்லாதவன் ஓடுவானா’ என்று எழுதினேனே, பாவி நான். நீ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தால் என்ன?

இனி என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்து அறையில் பந்து கீழே விழுகிற சத்தம் கேட்கிறது. எடுத்துக் கொடுக்கப் போகிறேன்.

உன் தங்கை


ஏப்ரல் 27

என் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே கடைக்காரர் “என்னய்யா, யாராவது தவறிட்டாங்களா?” என்றார். இல்லை, தங்கச்சி அண்ணா என்று எழுதியிருக்கிறாள் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? வெளிச்சத்தைப் பற்றி நான் எழுதியிருக்கவே கூடாது. வாத்தியாரிடம் போய் இந்தக் கேள்வியை மட்டும் படிக்காதே என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

ஆமாம், அன்றே தெரியும். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் ஃபியூஸ் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டுதான் நின்றேன். உன் ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. மெயினை இறக்கியிருப்பாய் என்று சும்மா இருந்தேன். லைன்மேன் அப்படி இருக்கலாமா? உன் வீட்டுக்கு நாற்பது அடி நடந்து வந்து பார்க்க எனக்கு என்ன கேடு? திடீரென்று சத்தம் கம்மியது. திரும்பிப் பார்ப்பதற்குள் மாப்பிள்ளை கீழே.

அப்புறம் வீட்டுக்கு வந்தேன். மெயினை இறக்கினேன். ஒயரைச் சுருட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். யோசித்தெல்லாம் செய்யவில்லை. ஆம்புலன்ஸில் நீ அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனது கண்ணிலேயே நின்றது. நீதான் அவருக்குச் சோறு ஊட்ட வேண்டும், உடம்பு துடைக்க வேண்டும், கழிப்பறைக்குத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அந்தக் கை நடுங்கக் கூடாது. என்மேல் கோபப்பட்டால் உனக்குத் தெம்பு வரும். உன்மேலேயே கோபப்பட்டால் படுத்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா? ஆறாம் வகுப்பில் ஒரு மார்க் குறைந்ததற்கு மூன்று நாள் பட்டினி கிடந்தவள். நான் தனிக்கட்டை. வேலை போனால் மோட்டார் சுற்றுவேன். எனக்கென்ன?

அதனால் நான் சொல்வதைக் கேள். மே இரண்டாம் தேதி நோட்டைக் கொடுத்துவிட்டு வா. வேறு எதுவும் பேசாதே. ஃபியூஸைப் போட்டேன் என்று பன்னிரண்டாம் தேதி நான் சொல்லிவிடுகிறேன். முடிந்தது. நீ உண்மையைச் சொன்னால் பள்ளிக்கூடம் உன்னை வைத்துக்கொள்ளுமா? மாப்பிள்ளை உன்னைப் பார்க்கிற பார்வை மாறிப்போனால் அதை எந்த டாக்டர் சரிசெய்வார்? அந்த வீட்டில் நீ நிம்மதியாக இருக்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

மூவாயிரம் ஜூல் கணக்கை விடு. சங்கிலி போட்டிருந்தால் உன் மூவாயிரமும் மண்ணோடு போயிருக்கும். ஆகவே கணக்கு என்பக்கம்தான் வருகிறது.

இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

அண்ணன்


மே 5

அன்புள்ள அண்ணா,

கிழிக்கவில்லை.

முதலில் அவரிடம் சொன்னேன். மே ஒன்றாம் தேதி, மத்தியானம். சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கதவுப் பக்கமாக நின்றுகொண்டு சொன்னேன். ஏதாவது வெடித்தால் ஓடுவதற்கு வசதியாக. எங்கே ஓடுவேன் என்று யோசிக்கவில்லை.

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு, “அந்த ஒயரை யாரு பண்ணது?” என்றார்.

“நீங்க.”

“சாக்பீஸ்ல ஒரு வரி எழுதினா போதும்னு நெனச்சது?”

“நீங்க.”

“அப்ப நீ மட்டும் ஏன் அழுவுற?” என்றார். சொல்லிவிட்டு அவர்தான் அழுதார். ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கும்போதுகூட அவர் அழுததை நான் பார்த்ததில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. அன்று சாயங்காலத்திலிருந்து என்னோடு சரியாகப் பேச்சு இல்லை. தண்ணீர் கேட்டால் “தண்ணி” என்கிறார், அவ்வளவுதான். பேசாதது நியாயம் என்று விட்டுவிட்டேன். ஆனால் உன்னைப் பற்றி மட்டும் பேசுகிறார். “நாப்பத்தெட்டு நாளா இதை வாய்க்குள்ளயே வெச்சிருந்தாரா? என்ன பெரிய தியாகின்னு நெனப்பு? வரட்டும், இருக்கு அவருக்கு!” என்று ஜன்னலைப் பார்த்துக் கத்துகிறார். அந்தக் கோபத்தில் இரண்டு விரலும் கொஞ்சம் மடங்குகிறது. கோபம் தெம்பு கொடுக்கும் என்று நீ எழுதியது சரிதான்.

மறுநாள் விசாரணைக்குப் போனேன். நோட்டை வைத்தேன். எவ்வளவு வெளிச்சம் என்று சொன்னேன். ஜெனரேட்டர், ஒயர், மெயின் எல்லாவற்றையும் படம் போட்டுக் காட்டினேன். ஒயரைச் செய்தது நான்தான் என்று அவர் இடதுகையால் கோணல்மாணலாக எழுதிக் கொடுத்ததையும் நீட்டினேன். அதிகாரி உன்னுடைய ஒற்றை வரியை எடுத்துப் பக்கத்தில் வைத்து, மூன்றையும் மாறி மாறிப் படித்தார். “இந்த நாற்காலியில உக்காந்து ‘நான் பண்ணல’ன்னு சொல்றவங்களைத்தான் இத்தனை வருஷமா பாத்திருக்கேன். ஒரே குடும்பத்துல மூணு பேரு ‘தப்பு என்னுது, என்னுது’ன்னு அடிச்சுக்கிறதை இன்னிக்குத்தான் பாக்குறேன்” என்றார். சிரிக்கவில்லை. என்மேல் நடவடிக்கை உண்டு என்று சொல்லிவிட்டார். ஜெனரேட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கும் கடிதம் போகும். சங்கிலிக்காக உனக்குத் தண்டனை கண்டிப்பாக உண்டாம். ஆனால் ஃபியூஸைப் போட்டாய் என்கிற குற்றச்சாட்டு நிற்காது. நீ பன்னிரண்டாம் தேதி போய் ஆமாம் போட்டேன் என்று உளறினால் நான் பொய் சொன்னவள் ஆகிவிடுவேன். அதிகாரி முன்னால் தங்கச்சியைப் பொய்க்காரி ஆக்குவாயா?

கடிதம் வரட்டும் என்று காத்திராமல் தலைமையாசிரியையிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “ஆர்டர் வர்ற வரைக்கும் கிளாஸ் எடுங்க. பாடம் பாக்கி இருக்குல்ல” என்றார். ஆர்டர் என்னவென்று வரும், எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

நேற்று எட்டாம் வகுப்பில் அந்தப் பாடத்தின் கடைசிப் பகுதி. மெயினை இறக்காமல் ஜெனரேட்டரை வீட்டோடு இணைத்தால் கரண்ட் தெருக்கம்பிக்குப் போகும் என்று படம் போட்டேன். கம்பத்தில் ஓர் ஆளையும் வரைந்தேன். முன்பெஞ்சுப் பெண் எழுந்து கேட்டாள். “நெஜமாவே யாராவது இப்படிப் பண்ணியிருக்காங்களா டீச்சர்?”

இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் ‘எங்கேயோ ஓர் ஊரில்’ என்று ஆரம்பித்துத்தான் எனக்குப் பழக்கம்.

“நான் பண்ணியிருக்கேன்” என்றேன். “கம்பத்துல இருந்தது எங்க வீட்டுக்காரர். பழியை எங்கண்ணன் ஏத்துக்கிட்டார்.”

யாரும் நோட்டில் எழுதவில்லை. அந்தப் பெண் உட்காரவும் இல்லை. மெதுவாக, “எங்க வீட்லயும் அந்த மாதிரி ஒயர் இருக்கு டீச்சர்” என்றாள். பின்பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. அப்புறம் இன்னொன்று. எண்ணினேன் அண்ணா. ஏழு கைகள்.

நாளையிலிருந்து ஒவ்வொரு வீடாகப் போகப்போகிறேன். இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயரைக் கழற்றி வாங்கிக்கொண்டு வர எனக்குத் தெரியும். ஜெனரேட்டரைப் போட்டால் தெருக்கம்பி தானாகவே விடுபடுகிற மாதிரி ஒரு சுவிட்ச் இருக்கிறதாமே, அதை வைத்துக் கொடுக்க எனக்குத் தெரியாது. அவருக்கு இன்னும் கை சரியாகவில்லை. பன்னிரண்டாம் தேதி உண்மையைச் சொல்லிவிட்டு நேராக இங்கே வா.

ஏழு வீடு. நான் ஒருத்தியாக முடியாது.

உன் தங்கை